இத்தனை வருஷமும் செபித்தது வீணா?

(வாசகரின் கடிதம், அடையாளம் தெரியாதபடி சுருக்கப்பட்டது)

ஐயா, எனக்கு 61 வயதாகிறது. பாகான் செராய் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். இப்போது டவுனில் தாமான் வீடு. பாட்டி காலத்திலிருந்து நாங்கள் கத்தோலிக்கர்கள். கணவர் மூன்று வருஷத்துக்கு முன் தவறிவிட்டார். நல்ல மனிதர், ஆனால் குடி. ஈரல் கெட்டுத்தான் போனார்.

இளைய மகன் பினாங்கில் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அப்பா போன பிறகு அவனும் குடிக்க ஆரம்பித்தான். கூட வேலை செய்கிற பையன் அவனை அல்லேலூயா கூட்டத்துக்குக் கூட்டிப் போனான். ஆறே மாதத்தில் குடியை விட்டுவிட்டான். ‘மாதாவே, உனக்கு நன்றி’ என்று சொன்னேன். அதுதான் முதல் சண்டை. அப்புறம் அந்த அல்லேலூயா கூட்டத்திலேயே மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டான்.

போன மாதம் லீவில் வந்தவன், நான் பூசைக்குப் போன நேரத்தில் பீடத்திலிருந்த மாதா சுரூபத்தை எடுத்து, அவன் அப்பாவின் பழைய கைலியில் சுற்றி ஸ்டோரில் வைத்துவிட்டான். ‘இது விக்கிரகம். நீங்கள் செய்வது கிறிஸ்தவமே இல்லை. கான்ஸ்டன்டைன் ராஜா உண்டாக்கினது, பாபிலோன் மதம்’ என்கிறான். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) தினமும் வீடியோ அனுப்புகிறான். என் மகளும் பதிலுக்கு அனுப்புகிறாள். அப்பாவின் நினைவுப் பூசைக்கு வா என்றேன். ‘செத்தவருக்கு ஜெபித்து என்ன பயன்? அப்பா இப்போது எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா அம்மா?’ என்று கேட்டான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அடுத்த வருஷம் அந்த அல்லேலூயா கூட்டத்துப் பெண்ணையே கட்டப்போகிறான். கல்யாணம் அவர்கள் சபையில். நான் போனால் பாவமா? மகளோ, இனி அவனை வீட்டில் சேர்க்காதே என்கிறாள். கல்யாணம் முடியும்வரை சுரூபத்தை ஸ்டோரிலேயே விட்டுவிடலாமா? எது ஐயா உண்மையான கிறிஸ்தவம்? இத்தனை வருஷமும் நான் செபித்தது வீணா?

*

அக்கா, நான் பதிவு பெற்ற குடும்ப ஆலோசகன். சாமியாரும் இல்லை, பாஸ்டரும் இல்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தை வாசித்தபோது பழக்கமான வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. என் அம்மா கத்தோலிக்கர், அப்பா மெதடிஸ்ட், அதாவது புராட்டஸ்டண்டுகளில் ஒரு பிரிவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் ஒரே சைக்கிளில் தோட்டத்திலிருந்து கிளம்புவார்கள். அம்மாவை மாதா கோயில் வாசலில் இறக்கிவிட்டு, அப்பா தன் ஆராதனைக்குப் போவார். திரும்பி வரும்போது யாருடைய பிரசங்கம் நீளம் என்று பேசிக்கொண்டே வருவார்கள். அந்த வீட்டில் வளர்ந்ததால், நீங்கள் எழுதியிருக்கும் சண்டை எனக்குப் பெரியவனான பிறகுதான் தெரிய வந்தது. தெரிய வந்தபோது நானும் அதில் நன்றாகவே அடிபட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

தூக்கத்தைக் கெடுத்த கேள்வியிலிருந்து ஆரம்பிப்போம். ‘அப்பா எங்கே இருக்கிறார் என்று தெரியுமா?’

இதை உங்கள் மகன் கேட்டபோது, உங்கள் காதில் ‘அப்பா நரகத்தில் இருக்கிறார்’ என்று விழுந்திருக்கிறது. சபையில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படித்தான் இருக்கும்: இரட்சிக்கப்படாமல் செத்தவனுக்கு அடுத்த வாய்ப்பு கிடையாது. ஆனால் அந்தப் பையனின் இடத்திலிருந்து கொஞ்சம் பாருங்கள். அவன் அப்பா குடித்தே செத்தார். அவனும் குடித்தான். இவன் கரையேறிவிட்டான், அவர் ஏறவில்லை. சபை சொல்வது உண்மையென்றால் அவன் அப்பாவின் கதி என்ன? அதை அவன் பாஸ்டரிடம் கேட்டிருப்பானா? எனக்குச் சந்தேகம்தான். அம்மாவிடம்தான் கேட்கிறான், அதுவும் குத்திக்காட்டுகிற தொனியில். அழுதுகொண்டே கேட்க ஆம்பளைப் பிள்ளைகளை நாம் வளர்ப்பதில்லையே.

இது என் ஊகம்தான், அவனோடு நான் பேசியதில்லை. ஆனால் உங்கள் கடிதத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. விக்கிரகம் என்று நம்புகிறவன் அதைக் குப்பையில் போட்டிருக்கலாம், உடைத்திருக்கலாம். அப்படிச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இவன் துணி தேடியிருக்கிறான். வீட்டில் எத்தனை பழைய துண்டு கிடந்திருக்கும்? அப்பாவின் கைலியை எடுத்திருக்கிறான்.

அவன் கேள்விக்கு நீங்கள் சொல்லக்கூடிய நேர்மையான பதில் ஒன்று உண்டு: ‘எனக்குத் தெரியாது ஐயா. உனக்கும் தெரியாது. உன் பாஸ்டருக்கும் தெரியாது.’ இது மழுப்பல் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைப் பற்றியும் இதுவரை அறிவித்ததில்லை.

செத்தவர்களுக்குச் செபிப்பது எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வாதாடுவதற்காக அல்ல, உங்கள் மனசுக்காக. உங்கள் திருவிவிலியத்தில் மக்கபேயர் இரண்டாம் நூலை எடுத்து 12ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். போரில் செத்த யூத வீரர்களை அடக்கம் செய்ய வருகிறார்கள். சட்டைக்குள் பார்த்தால் ஒவ்வொருவனும் அந்நிய தெய்வத்தின் தாயத்தைக் கட்டியிருக்கிறான். பாவத்தோடே செத்தவர்கள். தலைவன் யூதா அவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. வீரர்களிடம் இரண்டாயிரம் வெள்ளிக்காசு திரட்டி, இறந்தவர்களின் பாவத்துக்காகப் பலி செலுத்த எருசலேமுக்கு அனுப்புகிறான். குடித்துச் செத்த ஒரு மனுஷனின் மனைவி வாசிக்க வேண்டிய பகுதி அது.

உங்கள் மகனின் வேதாகமத்தில் இந்த நூல் இருக்காது. கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள், அவனுடையதில் 66. புதிய ஏற்பாடு இரண்டிலும் ஒரே 27 நூல்கள்தான். வித்தியாசம் பழைய ஏற்பாட்டில். கத்தோலிக்கர்கள் ஏழு நூலைப் பிற்பாடு சேர்த்துக்கொண்டார்கள் என்று அவன் சொல்வான், புராட்டஸ்டண்ட் பிரிவினையைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் வெட்டிவிட்டார் என்று உங்கள் மகள் சொல்வாள். லூத்தர் 1534இல் வெளியிட்ட ஜெர்மன் வேதாகமத்தில் அந்த நூல்கள் இருக்கின்றன. வேதத்துக்குச் சமமில்லை, ஆனாலும் வாசிக்கப் பயனுள்ளவை என்று குறிப்பு எழுதித் தனியாக வைத்தார். 1546இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம், இல்லை, இவையும் வேதமே என்று அறுதியிட்டது. நூற்றாண்டுக் கணக்கில் பெரிய படிப்பாளிகள் அடித்துக்கொண்ட விஷயம் இது. புலனத்தில் மூன்று நிமிட வீடியோவில் முடியாது.

கான்ஸ்டன்டைன் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அந்த ரோமப் பேரரசர் கிறிஸ்தவர்களுக்குச் சுதந்திரம் கொடுத்தது 313இல். அதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே, அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார், ரோமாபுரியில் சாகப்போகும் வழியில் எழுதிய கடிதத்தில் ‘கத்தோலிக்கத் திருச்சபை’ என்ற சொல் வருகிறது. ராஜா வந்து பெயர் வைக்கவில்லை. ராஜா வந்த பிறகு திருச்சபைக்குப் பணமும் பதவியும் ஆசையும் வந்தன என்று உங்கள் மகன் சொன்னால், அதை ஒத்துக்கொள்ளுங்கள். அது சரிதான்.

பாபிலோன் கதை இன்னும் சுவாரசியம். அதைப் பரப்பியவர் அலெக்சாண்டர் ஹிஸ்லப் என்ற ஸ்காட்லாந்துப் போதகர். 1850களில் ‘இரண்டு பாபிலோன்கள்’ என்று ஒரு புத்தகம் எழுதி, மாதா வணக்கம் முதல் சாமியார் உடுப்புவரை எல்லாம் பாபிலோனியப் பழக்கம் என்றார். அமெரிக்காவில் ரால்ஃப் உட்ரோ என்ற சுவிசேஷகர் அதை அப்படியே நம்பி 1966இல் தானும் ஒரு புத்தகம் போட்டார். அமோகமாக விற்றது. அப்புறம் யாரோ ஆதாரம் கேட்க, மனுஷன் உட்கார்ந்து ஹிஸ்லப் காட்டிய மூலங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்திருக்கிறார். பலவும் தேறவில்லை. தன் புத்தகத்தைத் தானே சந்தையிலிருந்து எடுத்துவிட்டு, 1997இல் அதை மறுத்து வேறு புத்தகம் எழுதினார். உட்ரோ அதனால் கத்தோலிக்கர் ஆகிவிடவில்லை, புராட்டஸ்டண்டாகவேதான் இருந்தார். விற்கிற புத்தகத்தை நிறுத்தும் அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். உங்கள் மகனுக்கும் பிடிக்கலாம்.

சுரூபம் அப்படி ஒரே வாயில் முடிகிற விஷயம் இல்லை. கத்தோலிக்கர்கள் இரண்டாவது கட்டளையைத் திருடிவிட்டார்கள் என்று அவன் காட்டியிருப்பான். பத்துக் கட்டளை உங்கள் பைபிளில் விடுதலைப் பயணம் 20, அவனுடையதில் யாத்திராகமம் 20. எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், வசனம் இரண்டிலும் இருக்கிறது. எண்ணுகிற முறைதான் வேறு. கத்தோலிக்கர்கள் புனித அகுஸ்தீன் வகுத்தபடி எண்ணுகிறார்கள். லூத்தரன்களும் அப்படித்தான் எண்ணுகிறார்கள், அவர்களை யாரும் திருடர் என்று சொல்வதில்லை.

787இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம், ஆராதனை கடவுளுக்கு மட்டும், திருவுருவங்களுக்கு வணக்கம் மட்டும் என்று கோடு கிழித்தது. கோடு காகிதத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவில் நின்று பார்த்தால் எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. சுரூபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இவ்வளவு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன், பையனுக்கு வேலை வாங்கிக் கொடு என்று பேரம் பேசுகிற கூட்டத்தில் என் சொந்தக்காரர்களே இருக்கிறார்கள். ஆண்டவர் சொல்லி மோசே வெண்கலப் பாம்பு செய்தார், பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பிறகு ஜனங்கள் அந்தப் பாம்புக்கே தூபம் காட்ட ஆரம்பித்தபோது எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டார். இரண்டும் ஒரே வேதத்தில்தான் இருக்கின்றன. உங்களுக்கு மோசே கண்ணில் படுகிறார், உங்கள் மகனுக்கு எசேக்கியா. உங்கள் பீடத்தின் முன் நீங்கள் செய்வது எது என்று உங்களுக்குத்தான் தெரியும். நாற்பது வருஷம் அந்தச் சுரூபத்தின் முன் உட்கார்ந்து, குடித்துவிட்டு வருகிற புருஷனுக்காகச் செபமாலை சொன்ன பெண் அதைப் பீங்கானிடம் சொல்லவில்லை என்று நான் நினைக்கிறேன்.

அடுத்து உங்களுக்குக் கசக்கிற விஷயம். உங்கள் கடிதத்தில் ‘அல்லேலூயா கூட்டம்’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பெந்தெகொஸ்தே மாதிரிச் சபைக்காரர்களுக்கு நம் பக்கத்தில் சகஜமாகச் சொல்கிற பட்டப்பெயர்தான். ஆனால் உங்கள் மகனைச் சாவிலிருந்து மீட்டது அந்தக் கூட்டம். அவன் லீவு நாளில் எங்கே போகிறான், யாரோடு சாப்பிடுகிறான், பழைய கூட்டாளி சம்சு புட்டியோடு வந்தால் யாருக்குப் போன் போடுகிறான்? எல்லாம் சபையில்தான். குடியை விட்டவர்களோடு பல வருஷம் வேலை செய்த அனுபவத்தில் சொல்கிறேன்: முதல் சில வருஷம் அவர்கள் ஒரு கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறார்கள். அந்தக் கயிறு எதுவாகவும் இருக்கலாம். அதைக் கேலி செய்தால், கையை விடு என்று சொல்வதாகத்தான் அவர்கள் காதில் விழும். ‘மாதாவே, உனக்கு நன்றி’ என்று நீங்கள் மனசாரச் சொன்னீர்கள். அவனுக்கோ, தான் நாக்கைக் கடித்துக்கொண்டு தாண்டிய ஒவ்வொரு இரவையும் வேறு யாரோ கணக்கில் எழுதிக்கொண்ட மாதிரி இருந்திருக்கும். ‘நீ விட்டுட்டியே, எனக்கு அது போதும். அந்தப் பசங்களுக்கும் நன்றி சொல்லணும்’ என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

எல்லாச் சபைகளும் அவன் சபையைப் போல என்றும் நினைத்துவிடாதீர்கள். ‘கத்தோலிக்கர் கிறிஸ்தவரே இல்லை’ என்பது புராட்டஸ்டண்டுகளில் ஒரு பகுதியினரின் பேச்சு. அடிப்படைவாதம் என்று இப்போது சொல்கிறோமே, அந்தப் பெயரே 1910க்கும் 1915க்கும் நடுவில் அமெரிக்காவில் 12 தொகுதிகளாக வந்த ‘அடிப்படைகள்’ என்ற கட்டுரை வரிசையிலிருந்து வந்தது. மொத்தம் 90 கட்டுரைகள். அதில் ஒன்றின் தலைப்பே ‘ரோமானியம் கிறிஸ்தவமா?’ என்பதுதான். இல்லை என்பது கட்டுரையின் பதில். நூறு வருஷம் கழித்து அதே கேள்வி பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வழியாக உங்கள் ஸ்டோர் அறைக்கு வந்திருக்கிறது. ஆனால் லூத்தரின் வழிவந்தவர்களே 1999 அக்டோபர் 31ஆம் தேதி ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையோடு உட்கார்ந்து, மனுஷன் கடவுளின் கிருபையால்தான் மீட்படைகிறான், தன் புண்ணியத்தால் அல்ல என்று சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். 1517இல் சண்டை வெடிக்கக் காரணமான பாவமன்னிப்புச் சீட்டுக்கு அடியில் கிடந்த கேள்வியே இதுதான். 2006இல் மெதடிஸ்டுகளும் அதை ஏற்றுக்கொண்டார்கள். என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் சைக்கிளை நிறுத்திவிட்டு அம்மாவிடம் சொல்லியிருப்பார்.

தமிழில் இந்தச் சண்டைக்கு முந்நூறு வயது. தரங்கம்பாடியில் லூத்தரன்கள் அச்சகம் வைத்து வேதத்தைத் தமிழில் அடிக்க, ஏலாக்குறிச்சியிலிருந்து வீரமாமுனிவர் ‘வேத விளக்கம்’, ‘பேதகம் மறுத்தல்’ என்று அவர்களைத் தாக்கி எழுதினார். கோபம் கொப்பளிக்கும் உரைநடை. (அவரே சூசையப்பரைப் பற்றித் தேம்பாவணியும் பாடினார். உங்கள் ஊர்ப் பக்கத்துச் சூசைப்பாளையத்தின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.) அந்தப் பிரிவினை நம் வாயிலேயே தங்கிவிட்டது. நீங்கள் செபிக்கிறீர்கள், அவன் ஜெபிக்கிறான். உங்களுக்கு ஆண்டவர், அவனுக்குக் கர்த்தர். ஓர் எழுத்தை வைத்தே யார் எந்தக் கோயில் என்று சொல்லிவிடலாம்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது எதுவும் தெரியாது. 2010 கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 6 விழுக்காடுதான். கடவுளைக் குறிக்க ‘அல்லாஹ்’ என்ற சொல்லைப் பயன்படுத்தும் உரிமை கேட்டு நீதிமன்றம் போனது ஒரு கத்தோலிக்க வாரப் பத்திரிகை. 2009 டிசம்பர் 31ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதற்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. எட்டு நாள் கழித்து, 2010 ஜனவரி 8ஆம் தேதி விடியுமுன் தீ வைக்கப்பட்டது கோலாலம்பூர் தேசா மெலாவத்தியில் உள்ள மெட்ரோ தபெர்னக்கல். அது அசெம்பிளீஸ் ஆப் காட் சபை, பெந்தெகொஸ்தேக்காரர்களுடையது. வழக்குப் போட்டவர்கள் ஒருவர், எரிந்தது இன்னொருவர் கட்டடம். தீ வைத்தவன் 73 நூலா 66 நூலா என்று கேட்கவில்லை. நம் நாட்டில் கத்தோலிக்க ஆயர்களும், மெதடிஸ்ட், லூத்தரன், ஆங்கிலிக்கன் சபைகளும், சுவிசேஷ சபைகளும் 1985இலிருந்து மலேசியக் கிறிஸ்தவக் கூட்டமைப்பில் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். உங்கள் மகனுடைய சபை தனிச் சபையாக இருந்தால் அதில் சேராமல் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம்.

சுரூபத்தைக் கல்யாணம்வரை ஸ்டோரில் விடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். இன்றைக்கே எடுத்துப் பீடத்தில் வையுங்கள். அவன் வரும்போது வைக்காதீர்கள், அவன் இல்லாதபோது வையுங்கள். அவன் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்கிற வேலை போலத் தெரியக்கூடாது. கேட்டால் சாதாரணக் குரலில், ‘இது என் வீடு, இது என் பீடம். நீ கும்பிட வேணாம். நான் செபமாலை சொல்லும்போது நீ வெளியே உக்காந்திரு, இல்லேன்னா உன் பைபிளை வாசி. என் பீடத்துல கை வைக்கக் கூடாது’ என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். அழ வேண்டாம், வசனம் சொல்ல வேண்டாம். விசுவாசத்துக்காக அம்மாவின் சாமான்மேல் கை வைக்கலாம் என்பதை இன்று விட்டுக்கொடுத்தால், நாளை மருமகள் வந்த பிறகு அது வழக்கமாகிவிடும். பதிலுக்கு நீங்களும் ஒன்று செய்யுங்கள். அவன் தட்டில் தீர்த்தம் தெளிக்கிறது, தலையணைக்கு அடியில் பதக்கம் வைக்கிறது எதுவும் வேண்டாம். செய்ததில்லை என்று சொல்லாதீர்கள் அக்கா, எல்லா அம்மாக்களும் செய்வார்கள்.

நினைவுப் பூசைக்கு அவனை இழுக்காதீர்கள். நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் அவனை ஒரு வேலைக்குக் கூப்பிடுங்கள்: அப்பா கல்லறையில் புல் வெட்ட வேண்டும், சுண்ணாம்பு அடிக்க வேண்டும். மெழுகுவர்த்தி அவன் ஏற்ற வேண்டாம். பெரும்பாலான சபைக்காரர்களுக்குக் கல்லறையைச் சுத்தம் செய்வதில் தடை எதுவும் கிடையாது. மண்வெட்டி கையில் இருக்கும்போது ஆண்பிள்ளைகள் பேசுவார்கள். பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் தண்ணீர் கொடுங்கள்.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மா இறந்தபோது அவர் கையில் செபமாலை சுற்றியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, தனிச் சபையில் சேர்ந்திருந்த என் தாய்மாமா பெட்டியைத் தூக்க மறுத்தார். தன் கூடப்பிறந்த அக்காவின் பெட்டி. நான் எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது. பதினோரு வருஷம் அவரோடு பேசவில்லை. குடும்பங்களைச் சேர்த்து வைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். அவர் சாவதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் போய்ப் பார்த்தேன். அவரால் அப்போது சரியாகப் பேச முடியவில்லை. அம்மாவின் பெயரை மட்டும் சொன்னார். எதற்காகச் சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

ஆகவே மகனை வீட்டில் சேர்க்காதே என்ற உங்கள் மகளின் யோசனை எனக்குச் சம்மதமில்லை. அவளுக்குக் கோபம் வர நியாயம் இருக்கிறது. அப்பாவின் கடைசி மாதங்களில் கூட இருந்து கழுவித் துடைத்தவள் அவளாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனாலும் வேண்டாம்.

கல்யாணம். இதில் மூன்று விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். முதலில் நாட்டுச் சட்டம். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி பதிவாக வேண்டும். அந்தப் பாஸ்டர் அரசாங்கத்தால் நியமிக்கப்பட்ட துணைப் பதிவாளரா என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தேசியப் பதிவு இலாகாவில் முதலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். மேடையில் மோதிரம் மாற்றிக்கொண்டு, பதிவில்லாமல் பிள்ளைப் பிறப்புப் பத்திரத்துக்கு அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது உங்கள் திருச்சபைச் சட்டம். மறுபடி முழுக்கு எடுத்தாலும் உங்கள் திருச்சபையின் கணக்கில் அவன் குழந்தையில் வாங்கிய திருமுழுக்குதான் நிற்கிறது. கத்தோலிக்கனாகத் திருமுழுக்குப் பெற்றவன், வேறு சபைக்குப் போய்விட்டாலும், திருமண விஷயத்தில் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்பதே 2009இலிருந்து ரோமின் நிலை. ஆயரின் அனுமதி இருந்தால் பாஸ்டர் முன்னால், சபையிலேயே நடக்கும் கல்யாணத்தையும் திருச்சபை செல்லும் என்று ஏற்கும். பெண் கையெழுத்துப் போட்டு மதம் மாற வேண்டியதில்லை. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முயல்வேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டியது கத்தோலிக்கத் தரப்புதான், பெண்ணுக்கு அதைத் தெரிவித்தால் போதும். காலையில் கோயிலில் ஒரு தடவை, மாலையில் சபையில் ஒரு தடவை என்று இரண்டு சடங்கு நடத்தக் கூடாது. எத்தனையோ குடும்பங்கள் சமாதானத்துக்காக அப்படி யோசிக்கிறார்கள், அது நடக்காது. உங்கள் மகன் இந்த அனுமதியைக் கேட்பானா? இப்போதிருக்கும் வேகத்தில் கேட்க மாட்டான். கெஞ்சாதீர்கள். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

கடைசியாக நீங்கள். போனால் பாவமா? கத்தோலிக்கர் அப்படிப்பட்ட கல்யாணத்தில் போய் உட்காரக் கூடாது என்று திருச்சபைச் சட்டத்தில் பிரிவு எதுவும் இல்லை. சாமியாரிடம் கேட்கப் பயப்படாதீர்கள். இது மாதிரிக் கேள்வியோடு வருகிற அம்மா நீங்கள் முதல் ஆளாக இருக்க மாட்டீர்கள். ஒருவேளை அவர் வேறு மாதிரி சொன்னால், ஏன் என்று விளக்கம் கேளுங்கள். என்னைக் கேட்டால், பட்டுச்சேலை கட்டி முதல் வரிசையில் போய் உட்காருங்கள் என்பேன். அவர்கள் கையைத் தூக்கிப் பாடும்போது நீங்கள் தூக்க வேண்டாம். அப்பம் பரிமாறினால் எடுக்காமல் தட்டை அடுத்தவருக்குத் தள்ளிவிடுங்கள். உங்கள் விசுவாசத்துக்கு நீங்கள் செய்கிற மரியாதை அது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே அந்தப் பெண்ணை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுங்கள். பீடம் அதே இடத்தில் இருக்கட்டும், சுரூபமும் இருக்கட்டும். அவள் சாப்பிடுவதற்கு முன் ஜெபிக்கட்டும், நீங்கள் சிலுவை அடையாளம் போடுங்கள்.

எது உண்மையான கிறிஸ்தவம் என்பதற்கு நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அது என் வேலை இல்லை. நீங்கள் செபித்தது வீணா என்ற கேள்விக்கு மட்டும் நான் பார்த்ததைச் சொல்லலாம். உங்கள் மகன் குடியை விட வேண்டும் என்று நீங்கள் செபித்தீர்கள், அவன் விட்டுவிட்டான். விட்ட விதம் நீங்கள் நினைத்த விதம் இல்லை.

தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் வராவிட்டால் கிளினிக்குக்குப் போய் டாக்டரைப் பாருங்கள். புருஷன் போன துக்கம் மூன்று வருஷம் கழித்தும் இப்படித் தலைகாட்டும், அதற்கு வைத்தியம் உண்டு.

மகளிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். வீடியோவுக்கு வீடியோ அனுப்புவதை நிறுத்தச் சொல்லுங்கள். உட்ரோ கதையைப் படித்ததும் அவளுக்குக் கை துறுதுறுக்கும். தயவுசெய்து அதைக் குடும்பப் புலனக் குழுவில் போட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.